ஒலி, ஒளி வாடகைக்கு

செவ்வாய்க்கிழமை தங்கசாலை மணிக்கூண்டு.
இனி ஒருவனைக்கூட அனுப்பாதே என்றவர்களுக்கு
எட்டுக் குழாய், இரண்டு ஆம்ப்ளிஃபயர்,
நாற்பது டியூப்லைட்.
வியாழக்கிழமை திருவல்லிக்கேணி.
இன்னும் அனுப்பு என்றவர்களுக்கும்
அதே எட்டுக் குழாய்தான்.
ஒன்றில் மட்டும் மழைத்தண்ணீர் நின்றிருந்தது,
கவிழ்த்துக் கொட்டினேன்.

என் கடை புளியந்தோப்பில்,
லோகநாயகி சவுண்ட் சர்வீஸ்.
லோகநாயகி என் மனைவி,
அதிர்ந்து பேசமாட்டாள்.

மணிக்கூண்டில் பேசியவர்
கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"அக்கரையில் விழுகிறவனும் நம்மவன்
சுடப்போகிறவனும் நம்மவன்."
கைதட்டல். தூறல்.
யாரும் கலையவில்லை,
நாற்காலியைத் தூக்கித் தலைமேல் பிடித்துக்கொண்டார்கள்.

திருவல்லிக்கேணியில் பேசியவர்
ஸ்டாண்டை இறக்கச் சொன்னார், குள்ளமான மனிதர்.
"வயிற்றைக் கிழித்துவிட்டுத்
தையல் போடாமல் போவானா டாக்டர்?
இன்னும் ஐயாயிரம் பேர், ஒரே மாதம்!"
பந்திக்கு இலை சொல்வதுபோல் சொன்னார்.
அதற்கும் கைதட்டல்.

நான் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம்.
மைக் கூவினால் திருகைக் குறைப்பேன்,
குரல் கம்மினால் கூட்டுவேன்.
அண்ணன் எந்தக் கட்சி என்று கேட்டால்
பாக்கி வைக்காத கட்சி என்பேன்.

எத்திராஜ் என்னிடம் குழாய் கட்டியவன்.
கம்பம் ஏறினால் அணில்.
இப்போது நாயக்.
அவன் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது,
ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. மட்டும்.
போன வாரம் வந்தது:

"அண்ணே, சோதனைக்குப் போன வீட்டில்
ஒரு பொம்பளை வாசலை மறிச்சுத் திட்டினா.
என்னை, என்னைப் பெத்தவளை,
இனி எனக்குப் பொறக்கப்போறதை.
கூட வந்த பசங்க வடக்கத்தியானுங்க,
என்ன சொல்றான்னு கேட்டானுங்க.
தண்ணி வேணுமான்னு கேக்குறான்னேன்.
ஒருத்தன் சிரிச்சிட்டே கும்பிட்டு
இடுப்புப் புட்டியைத் தட்டிக் காட்டினான்,
இருக்கும்மா, இருக்குன்னு.
அவ இன்னும் சத்தமாத் திட்டினா.

வேற ஒண்ணும் இல்லை.
அந்தப் பழைய அகூஜா நல்லாப் பாடுதா?"

இரண்டு கூட்டத்திலும்
இது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில்
இரண்டு தரப்புக்கும் ஒரே மேடை.
அனுப்பலாமா வேண்டாமா என்று பட்டிமன்றம்,
நடுவருக்கு மட்டும் குஷன் நாற்காலி.
நான்கு மணிக்கே போய்க் கட்டிவிட்டேன்.
பள்ளிக்கூட மைதானம், ஈரச் சேறு,
வாடகை நாற்காலிகள் வரிசையாக, காலி.

ஒன்று. இரண்டு. மூன்று.
இருபத்திரண்டு வருஷமாக
மூன்றோடு நிறுத்துகிறவன் நான்.
அன்றைக்கு நான்கு என்று வந்துவிட்டது.
ஐந்து, ஆறு.
முதல் வரிசை முடிந்து இரண்டாவது.
நாற்காலிகள் தீர்ந்த பிறகு
மதிற்சுவர்க் கண்ணாடிச் சில்லுகள்,
அதுவும் தீர்ந்து வெறும் எண்கள்.

வாட்ச்மேன் கஜபதி ஓடிவந்தார்.
"இன்னா சார் இது,
கூவம் வரைக்கும் கேக்குது.
இன்னும் எவ்ளோ டெஸ்டிங்?"
"ஐயாயிரம்" என்றேன்.
முறைத்துப் பார்த்தார்.

நானூற்றுப் பன்னிரண்டில் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவர் திட்டவில்லை.
போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.
மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
நான் மடக்கு மடக்காக விழுங்கியது
எட்டுக் குழாயிலும் கேட்டது.